சடுகுடு: பிறந்த வீடும் புகுந்த வீடும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

பொருட்செலவின்றி ஆடத்தக்க விளையாட்டுகள் சிலவே. அவற்றுள் தலையாயது சடுகுடு என்னும் கபடி. மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், வலையும் வேண்டாம். குதிகாலால் ஒரு கோடு கிழித்தால் களம் ஆயத்தம். ஆகவேதான் ஏழையின் முற்றத்தில் இந்த ஆட்டம் நிலைத்து நின்றது. எங்கள் ஏர்வாடியிலும் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் பொங்கல் வந்துவிட்டால் போதும். பனையும் உடைமரமும் சூழ்ந்த மணல் திடலில் விளக்குக் கட்டி, விடிய விடியக் கபடி நடக்கும். சுழற்கோப்பைக்காகவும் ரொக்கப் பரிசுக்காகவும் ஊர் ஊராக அணிகள் வந்து இறங்கும்.

அவ்வாட்டங்களைக் காணும்போது, "கபடி நம்முடையது, இதில் நம்மை வெல்ல யாரால் முடியும்?" என்று பெருமையாகச் சொல்வோரைக் கேட்டிருக்கிறேன். இச்சொல் எவ்வளவு தூரம் மெய்? உலக அரங்கில் நாட்டு அணிகள் கபடியில் எவ்வாறு ஆடியுள்ளன? வென்றவர் யார், வளர்ந்தவர் யார், பிறந்த வீடாகிய இந்தியா ஒருமுறை தலைகுனிந்தது ஏன்? இவ்வினாக்களுக்கு ஆடவர் போட்டிகளின் முடிவுகளைக் கொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் முறையும்

ஆட்டம் ஒன்றே, பெயர்கள் பல. நமக்குச் சடுகுடு, ஆந்திரத்தில் செடுகுடு, மராட்டியத்தில் ஹுதூதூ, வங்கத்தில் ஹாடுடு. கைப்பிடி என்னும் தமிழ்ச் சொல்லே கபடி ஆயிற்று என்பாரும் உளர்.

இன்று உலக அரங்கில் ஆடப்படும் முறையை மட்டும் சுருங்கக் காண்போம். ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. பக்கத்துக்கு எழுவர். பாடிச் செல்பவர் மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று சொல்லிக்கொண்டு 30 விநாடிக்குள் எதிரியைத் தொட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். 20 நிமிடம் கொண்ட இரு பகுதிகள். இடையே 5 நிமிட ஓய்வு. எதிரணி முழுவதையும் வெளியேற்றினால் 'லோனா' என்னும் கூடுதல் புள்ளி கிடைக்கும்.

கடல் கடந்த கதை

1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கின்போது, அமராவதியைச் சேர்ந்த அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் என்ற உடற்பயிற்சிக் கழகத்தார் அங்கே கபடியை ஆடிக் காட்டினர். அது வெறும் காட்சி ஆட்டம், பதக்கம் இல்லை. அதே பெர்லினில், கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் என்னும் ஆட்டம் பதக்க விளையாட்டாகவே இடம்பெற்றது. இவ்விரண்டு ஆட்டங்களின் பயணத்தையும் பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்புத் தோன்றியது. ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி நம் சென்னையில்தான் நடந்தது என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. 1978-இல் ஆசியக் கூட்டமைப்பு அமைந்தது. 1980-இல் கல்கத்தாவில் முதல் ஆசியச் சாம்பியன் போட்டி; இந்தியா முதலிடம், வங்கதேசம் இரண்டாமிடம். 1982 புதுதில்லி ஆசிய விளையாட்டில் கபடி மீண்டும் காட்சி ஆட்டமாகவே நின்றது. 1990-இல் பெய்ஜிங்கில்தான் அதற்குப் பதக்கத் தகுதி கிட்டியது. பெர்லினிலிருந்து பெய்ஜிங் செல்ல 54 ஆண்டுகள்!

ஏழு தங்கங்கள்

பெய்ஜிங்கில் இந்தியா தங்கம் வென்றது. வங்கதேசத்துக்கு வெள்ளி, பாகிஸ்தானுக்கு வெண்கலம். அடுத்த நான்கு ஆசிய விளையாட்டுகளிலும் மேடையில் நின்றவர் இம்மூவரே. 1994 ஹிரோஷிமா, 1998 பாங்காக், 2002 பூசான், 2006 தோஹா என ஒவ்வொரு முறையும் இந்தியாவுக்கே தங்கம். வெள்ளியும் வெண்கலமும் மட்டும் வங்கதேசத்துக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே கைமாறிக் கொண்டிருந்தன. ஒரு காலத்தில் ஒரே நாடாயிருந்த மண்ணின் பிள்ளைகளே மூன்று பதக்கங்களையும் பங்கிட்டுக் கொண்டனர் எனலாம். 2010 குவாங்சௌ, 2014 இஞ்சியோன் ஆகிய இடங்களிலும் இந்தியா வென்றது. ஆக, 1990 முதல் 2014 வரை ஏழு தங்கங்கள். இடையில் ஒரு தோல்வி கூட இல்லை.

இப்பெருமையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. தூத்துக்குடி மாவட்டம் மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து சென்ற கணேசன் 1994 ஹிரோஷிமா அணியில் இருந்தார். 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். அவர் வாழ்வைத் தழுவி 2025-இல் வந்த 'பைசன்' திரைப்படத்தை நண்பர்கள் பலர் கண்டிருப்பர். தஞ்சை மாவட்டத்துத் தருமராஜ் சேரலாதன் 2016 உலகக் கோப்பை அணியில் ஆடியபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. அவ்வயதிலும் எதிரியின் காலைப் பிடித்து நிறுத்திய அவரது உரத்தை வியவாதார் யார்?

ஈரானின் எழுச்சி

பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்தியாவின் வெற்றி மாறாத ஒன்றாகத் தோன்றும். புள்ளிகளைப் பார்ப்பவருக்கோ வேறொரு கதை தெரியும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் அளவுகளை வரிசையாக எழுதி, அவற்றின் போக்கைக் காண்கிறோம் அல்லவா? அதுபோலவே இந்தியாவும் ஈரானும் மோதிய பெரிய ஆட்டங்களின் முடிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன்.

2004 உலகக் கோப்பை, மும்பை: இந்தியா 55, ஈரான் 27.
2007 உலகக் கோப்பை, பன்வேல்: இந்தியா 29, ஈரான் 19.
2010 ஆசிய விளையாட்டு, குவாங்சௌ: இந்தியா 37, ஈரான் 20.
2014 ஆசிய விளையாட்டு, இஞ்சியோன்: இந்தியா 27, ஈரான் 25.
2016 உலகக் கோப்பை, அகமதாபாத்: இந்தியா 38, ஈரான் 29.
2018 ஆசிய விளையாட்டு, ஜகார்த்தா: இந்தியா 18, ஈரான் 27.

ஜகார்த்தாவில் நடந்தது அரையிறுதி. மற்றவை யாவும் இறுதியாட்டங்கள். 2004-இல் 28 புள்ளியாக இருந்த இடைவெளி பத்தாண்டில் இரண்டு புள்ளியாகச் சுருங்கிவிட்டது. 2014-இல் இந்தியா இடைவேளையில் பின்தங்கியிருந்து, பின்பே தேறி வென்றது. 2016-இலும் அப்படியே: முதற்பாதியில் ஈரான் 18–13 என முன்னணியில் இருந்தது, அஜய் தாக்கூர் அடுத்தடுத்துப் பாடிச் சென்று புள்ளிகளைக் குவித்ததால் கோப்பை தப்பியது. அதே உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் தென் கொரியா 34–32 என்று இந்தியாவை வீழ்த்தியது. நண்பர்களே, இவையெல்லாம் எச்சரிக்கை மணிகள் அல்லவா? ஆனால் கோப்பை கையிலிருக்கும்போது மணியோசை காதில் விழுவதில்லை.

ஜகார்த்தா 2018

2018 ஜூனில் துபாயில் நடந்த போட்டியின் இறுதியில் இந்தியா ஈரானை 44–26 என எளிதாக வென்றது. இரண்டே மாதத்தில் ஜகார்த்தா. முதற்சுற்றில் தென் கொரியாவிடம் 23–24 என ஒரு புள்ளியில் தோல்வி; ஆசிய விளையாட்டுக் கபடியில் இந்திய ஆடவர் கண்ட முதல் தோல்வி அதுவே. அடுத்து அரையிறுதியில் ஈரானிடம் 18–27. இருபத்தெட்டு ஆண்டுப் பெருமை ஒரே மாலையில் சரிந்தது. ஈரான் இறுதியில் தென் கொரியாவை 26–16 என வென்று தங்கம் பெற்றது. இந்தியாவும் பாகிஸ்தானும் வெண்கலத்தோடு திரும்பின. மகளிர் பிரிவிலும் ஈரான் இந்தியாவை 27–24 என இறுதியில் வென்றது. அந்த ஈரானிய மகளிருக்குப் பயிற்சி தந்தவர் சைலஜா ஜெயின் என்னும் இந்தியப் பெண்மணி என்பது இன்னும் சிந்திக்கத்தக்கது.

பிடியின் இயற்பியல்

மேற்கண்ட எண்களில் ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். 2016-இல் ஈரானுக்கு எதிராக 38 புள்ளி எடுத்த இந்தியா, 2018-இல் 18 புள்ளிதான் எடுத்தது. இறுதியில் கொரியாவுக்கும் 16 புள்ளிதான் கிடைத்தது. எனவே ஈரானின் வெற்றி பெரிதும் பிடியால் வந்தது எனலாம். ஈரான் மல்யுத்தத்துக்குப் பேர்போன நாடு. பிடித்தால் விடாத கையும் தளராத இடுப்பும் அவர்களுக்குக் குழந்தைப் பருவம் முதலே பழக்கம். போதாக்குறைக்கு, மூச்சடக்கி ஆடும் 'ஸூ' என்னும் நாட்டுப்புற ஆட்டமும் அவர்களிடம் உண்டு.

இதை நம் பாடத்தின் வழியே விளக்கிப் பார்க்கலாம். 80 கிலோ நிறையுள்ள ஒருவர் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நடுக்கோட்டை நோக்கிப் பாய்கிறார் என்று கொள்வோம். அவரது உந்தம் 320 அலகு. அவரை 0.4 விநாடியில் நிறுத்த வேண்டுமானால் தேவைப்படும் விசை 800 நியூட்டன். பிடிப்பவர் 70 கிலோ. தரைக்கும் காலுக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.8 என்று கொண்டால், அவர் வழுக்காமல் நின்று தரக்கூடிய விசை ஏறத்தாழ 550 நியூட்டன்தான். அதாவது, தனி ஒருவர் எவ்வளவு வீரம் காட்டினாலும் இழுபட்டே போவார். இருவர் ஒரே நொடியில் சேர்ந்தால் 1,100 நியூட்டன், பாய்ந்தவர் நின்றுவிடுவார். ஒருவர் கணுக்காலைப் பற்ற, மற்றவர் இடுப்பைத் தள்ள, இருவரும் கண்ணிமைக்கும் நேரம் கூடப் பிந்தாமல் இயங்குவதே நல்ல பிடி. இது கணக்கை எளிதாக்க நான் எடுத்துக்கொண்ட அளவுதான். ஆயினும் உண்மை இதுவே. பிடி என்பது ஒருவர் வீரமன்று, பலர் ஒற்றுமை.

கற்றுக்கொண்டவர்கள்

2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியது. ஈரானியரும் கொரியரும் இந்திய அணிகளில் சேர்ந்து ஆடினர். ஈரானின் பாசல் அத்ராச்சாலி, மெராஜ் ஷேக், கொரியாவின் ஜாங் குன் லீ ஆகியோர் நம் ஆட்டக்காரர்களோடு ஒரே அறையில் தங்கி, ஒரே களத்தில் பயின்றனர். நம்மவர் எந்தக் காலை முன்வைத்துத் தொடுவார், எப்போது போனஸ் கோட்டுக்குப் பாய்வார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடமாயிற்று. ஜகார்த்தாவில் ஈரான் அணிக்குத் தலைமை தாங்கியவர் அந்த அத்ராச்சாலியே.

"நாமே கற்றுக்கொடுத்து நாமே தோற்றோம்" என்று வருந்துவோர் உண்டு. அக்கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. கற்றுக்கொடுத்தது பிழையன்று, கற்பவர் இருவரும் ஒரே வகுப்பில் இருக்க, ஒருவர் மட்டும் குறிப்பெடுத்துக் கொண்டார் என்பதே உண்மை.

ஹேண்ட்பால் காட்டும் பாடம்

இனி, பெர்லினில் நம்மோடு புறப்பட்ட ஹேண்ட்பாலைப் பார்ப்போம். இதிலும் இன்று பக்கத்துக்கு எழுவரே. 1938-இல் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தபோது ஆடிய நாடுகள் நான்கு மட்டுமே; ஜெர்மனி வென்றது. அது முதல் 2025 வரை 29 ஆடவர் போட்டிகள் நடந்துள்ளன. அத்தனையிலும் வென்றவை ஐரோப்பிய நாடுகளே. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தென் கொரியா வெள்ளி பெற்றதும், 2015-இல் கத்தார் உலகப் போட்டியின் இறுதிவரை சென்று பிரான்சிடம் 22–25 எனத் தோற்றதும் ஐரோப்பியக் கோட்டையில் விழுந்த கீறல்கள். கத்தாரின் அந்த அணியில் வெளிநாடுகளில் பிறந்து குடியுரிமை பெற்ற வீரர் பலர் இருந்தனர். ஈரானோ தன் மண்ணில் பிறந்த இளைஞர்களைக் கொண்டே கபடியில் தங்கம் வென்றது.

ஆனால் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். ஹேண்ட்பாலில் பட்டம் ஐரோப்பாவுக்குள்ளேயே கைமாறிக் கொண்டிருந்தது. சுவீடன், ருமேனியா, செக்கோஸ்லோவாகியா, சோவியத் நாடு, யூகோஸ்லாவியா, குரோஷியா, ஸ்பெயின், பிரான்ஸ் என ஒருவர் மாற்றி ஒருவர் வென்றனர். 2019 முதல் 2025 வரை டென்மார்க் தொடர்ந்து நான்கு முறை வென்றது. பக்கத்து வீட்டுக்காரன் எந்நேரமும் தோற்கடிக்கக் கூடும் என்ற அச்சமே ஒவ்வொரு நாட்டையும் விழிப்பாக வைத்திருந்தது. கபடியில் நமக்கு அந்த அச்சம் இருபத்தெட்டு ஆண்டுகள் இல்லாமற் போயிற்று. வலுவான எதிரி இல்லாத வீரனின் வாள் துருப்பிடிக்கும். இவ்வகையில் பார்த்தால் ஈரான் நமக்குப் பகைவன் அன்று, சாணைக்கல்.

மீண்டும் தங்கம்

2022-ஆம் ஆண்டுக்குரிய ஆசிய விளையாட்டு 2023-இல் சீனத்தின் ஹாங்சௌ நகரில் நடைபெற்றது. இறுதியில் மீண்டும் இந்தியாவும் ஈரானும். இரு அணிகளும் 28 புள்ளியில் சமமாக நின்ற வேளையில், இந்தியத் தலைவர் பவன் செராவத் எவரையும் தொடாமல் பக்கக் கோட்டைக் கடந்தார். அவரை மறித்த ஈரானியரும் கடந்தனர். எந்த விதிப்படி யாருக்குப் புள்ளி என்பதில் பெரும் பூசல் மூண்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. முடிவில் 33–29 என இந்தியா வென்றது. தங்கம் திரும்பியது, பழைய எளிமை திரும்பவில்லை. இம்முறை சீன தைபே அணியும் வெண்கலம் பெற்றது. புகுந்த வீடுகள் பெருகி வருகின்றன என்பதற்கு இதுவே சான்று.

2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியச் சிறுவரும் சிறுமியரும் கபடித் தங்கம் வென்றனர். அவ்வணிகளில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தது நம் அனைவருக்கும் மகிழ்ச்சி. அதிலும் சிறுவர் இறுதியில் எதிரி ஈரானே. வித்தியாசம் மூன்றே புள்ளி.

மணலும் விரிப்பும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். உலக அரங்கில் கபடி மண்ணில் ஆடப்படுவதில்லை. மேட் என்று சொல்லும் மெத்தை விரிப்பின் மேல், காலணியோடு ஆடப்படுகிறது. எங்கள் ஊர் அணியின் மூத்த ஆட்டக்காரர் ஒருவரிடம், "அண்ணே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். "மணல்ல காலு புதையும் தம்பி, மேட்ல காலு ஒட்டும். மணல்ல ஆடுனவன் மேட்ல திரும்புறதுக்குள்ள பிடிச்சிருவான்" என்றார்.

ஓர் இயற்பியல் நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. நாம் காலால் தரையைப் பின்னுக்கு உதைக்கிறோம். தரை நம்மை முன்னுக்குத் தள்ளுகிறது. மணலில் உதைத்தால் மணலே நகர்ந்துவிடுகிறது. நம் உழைப்பில் ஒரு பகுதி மணலை நகர்த்துவதிலேயே வீணாகிறது. மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றல் செலவாகிறது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. விரிப்பில் 0.8 என்ற பிடிமானம் மணலில் 0.5 என்று குறைவதாகக் கொண்டு கணக்கிட்டால், நின்ற இடத்திலிருந்து ஒரு மீட்டர் பாய விரிப்பில் 0.51 விநாடி, மணலில் 0.64 விநாடி. வேறுபாடு 0.13 விநாடிதான். ஆனால் கணுக்காலைப் பிடிக்கும் கை அந்த நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடும்.

மணலில் பயின்றவனுக்கு நெஞ்சுரமும் தொடை வலுவும் மிகுதி என்பதை மறுக்கவொண்ணாது. ஆயினும் அவன் மாவட்டத் தேர்வுக்கு முதன்முறையாக விரிப்பின் மேல் ஏறும்போது, அவன் கால் பல்லாண்டாகக் கற்ற கணக்கு அங்கே பொய்த்துவிடுகிறது. திறமை இல்லாமலன்று, தரை பழகாமல் தோற்கிறான். கபடி எங்கள் பக்கத்து இளைஞனுக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று. ஒரு சான்றிதழ், கல்லூரியில் ஓர் இடம், காவல் துறையிலோ இரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. கடலுக்குப் போகும் குடும்பத்துக்கு அது ஒரு தலைமுறையின் விடிவு. பொருட்செலவில்லாத ஏழையின் ஆட்டம் என்று தொடக்கத்தில் சொன்னேன். விரிப்பு வந்தபின் ஆட்டம் ஏழையின் முற்றத்தைவிட்டுச் சற்றே நகர்ந்து நிற்கிறது என்பதை நாம் உணர வேண்டும்.

களம் 130 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் துண்டுகள் 130 சேர்ந்தால் ஒரு முழு விரிப்பு. வட்டத்துக்கு ஒரு விரிப்பு இருந்து, சுற்று வட்டார ஊரணிகள் முறை வைத்து அதில் பழகினால், மணலில் பெற்ற வலுவும் விரிப்பில் பெற்ற விரைவும் ஒருங்கே அமையும். கல்லூரித் திடல்கள் விடுமுறை நாட்களில் ஊர் இளைஞருக்குத் திறந்திருக்குமானால், வேறு பெருஞ்செலவே வேண்டியதில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது யாது? ஆட்டம் எங்கே பிறந்தது என்பது வரலாறு. எங்கே வாழ்கிறது என்பது பயிற்சி. 2004-இல் 28 புள்ளியில் தோற்றவர்கள் சோர்ந்து திரும்பவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதற்கேற்பப் பதினான்கு ஆண்டில் தங்கம் கொண்டனர். கபடியைப் பரம்பரைச் சொத்தாகப் பெறாதவர்கள் அவர்கள். ஆகவே ஒவ்வொரு பிடியையும் பாடமாகப் படித்தார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். எனக்கு முன்னே யாரும் வைத்துவிட்டுப் போன புத்தகமோ குறிப்போ இல்லை. அதனாலேயே, ஈரான் வென்றது கண்டு வருந்தியபோதும் என் மனத்தின் ஒரு மூலையில் தெம்பும் பிறந்தது என்பதை ஒளிக்கமாட்டேன். பிறப்பால் வராததைப் பழக்கத்தால் பெறலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும்? அதே சான்று மறுபக்கமும் பேசும்: பிறப்பால் வந்ததைப் பழகாமல் விட்டால் அது நம்மைவிட்டுப் போகும். சடுகுடு புகுந்த வீடுகளிலெல்லாம் சிறப்புற்று வாழட்டும். பிறந்த வீடாகிய நம் மணல் திடல்களிலும் அது வாழையடி வாழையாகத் தழைக்க, மாணவர்களாகிய நாம் பாடுபடுவோமாக!